தண்டனை முடிந்த ஹேக்கருக்கு யார் வேலை தருவார்கள்?

2002-ம் ஆண்டு. சிறைக்கும் வீட்டுக்கும் நடுவே கைதிகளைச் சில மாதங்கள் தங்கவைக்கும் விடுதி ஒன்றில் இருந்தபடி, கலிஃபோர்னியாவில் மேக்ஸ் பட்லர் வேலை தேடிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு ஏறக்குறைய 30 வயது. சிறைக்குப் போகுமுன் நிறுவனங்களின் நெட்வொர்க்கில் ஓட்டை இருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல மணிக்கு 100 டாலர் வாங்கியவர் அவர். கணினித் தாக்குதல்களை அடையாளம் காண உதவும் ஒரு பெரிய தரவுத்தொகுப்பைத் தன் கையாலேயே உருவாக்கி, எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தக் கொடுத்தவர். இப்போது குறைந்தபட்சக் கூலிக்கே வேலை செய்யத் தயார் என்று துறையில் இருந்தவர்களுக்குத் தெரிவித்தார். அன்றைக்கு கலிஃபோர்னியாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6 டாலர் 75 சென்ட். அந்தத் துறையில் முன்பு இருந்த இடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

அவர் சிறைக்குப் போன காரணம் கொஞ்சம் விசித்திரமானது. 1998-ல் இணையத்தின் பெயர்முகவரிகளைக் கையாளும் ஒரு மென்பொருளில் பெரிய ஓட்டை வெளிப்பட்டது. அமெரிக்க அரசின் கணினிகளுக்குள் தானாக நுழைந்து அந்த ஓட்டையை அடைத்துவிட்டு வரும் நிரல் ஒன்றை பட்லர் எழுதினார். அதோடு நின்றிருக்கலாம். அடைத்த கையோடு, தான் மட்டும் வந்துபோக ஒரு பின்கதவையும் வைத்துவிட்டார். விமானப்படையின் புலனாய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2001-ல் 18 மாதச் சிறை.

அவருக்குப் பின்னாளில் நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. சிறையில் பழக்கமான ஒருவர் வழியாகத் திருட்டு கிரெடிட் கார்டு கும்பலோடு தொடர்பு ஏற்பட்டது. 2007 செப்டம்பரில் மறுபடி கைதானபோது, ஏறக்குறைய 20 லட்சம் கார்டு எண்களைத் திருடியிருந்தார். அந்தக் கார்டுகளில் நடந்த மோசடி 8 கோடியே 60 லட்சம் டாலர். 2010 பிப்ரவரியில் 13 ஆண்டுச் சிறை விதித்தார்கள்.

வேலை கிடைக்காததால்தான் அவர் திருடினார் என்று நான் சொல்லமாட்டேன். வேலை கிடைக்காத எத்தனையோ பேர் திருடாமல் இருக்கிறார்கள். ஆனால் நிகழ்ச்சிகளின் வரிசை மனதை உறுத்துகிறது. வெளியே வந்த மனிதரின் திறமையைச் சட்டப்படி வாங்கிக்கொள்ள 6 டாலர் 75 சென்டுக்கும் ஆள் இல்லை. அதே திறமைக்குச் சிறைச் சிநேகிதர்கள் உடனே வேலை வைத்திருந்தார்கள். ஹேக்கிங் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் மீண்டும் கணினித் துறைக்குள் வர முடியுமா என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வழக்கமாக இந்தப் பேச்சு எடுத்தால் உடனே எதிர்ப்பக்கத்து உதாரணங்கள்தான் வரும். "ஹேக்கராவது, வேலை இல்லாமல் இருப்பதாவது? கம்பெனிக்காரர்களே தேடிவந்து தூக்கிக்கொண்டு போவார்களே!" என்பார்கள். ராபர்ட் மோரிஸ் பெயரைச் சொல்வார்கள். 1988 நவம்பர் 2-ம் தேதி, கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது அவர் ஏவிய நிரல் அன்றைய இணையத்தையே முடக்கியது. 1986-ல் அமெரிக்கா கொண்டுவந்த கணினி மோசடிச் சட்டத்தின் கீழ் முதன்முதலில் தண்டிக்கப்பட்டவர்களில் அவர் ஒருவர். பின்னர் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார், எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார். நண்பர் பால் கிரஹாமுடன் 1995-ல் தொடங்கிய நிறுவனத்தை மூன்றே ஆண்டில் யாஹூ ஏறக்குறைய 5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

எல்லாம் உண்மைதான். ஆனால் அவருக்கு விதித்த தண்டனையைப் பாருங்கள். 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப் பணி, 10,050 டாலர் அபராதம். ஒருநாள்கூடச் சிறை இல்லை. அவருடைய அப்பா அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. முதல் நிறுவனத்தில் யாரும் அவரை வேலைக்கு எடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, ஏனென்றால் அது அவருடைய சொந்த நிறுவனம். மோரிஸின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சிறையிலிருந்து ஒரு பையோடு வெளியே வருபவர் அவரைப் பார்த்து நம்பிக்கை வளர்த்துக்கொண்டால் ஏமாந்துபோவார்.

சரி, சாதாரணமாக வெளியே வருபவருக்கு என்ன நடக்கிறது?

சென்னையிலோ கோவையிலோ ஐடி வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் புதிதல்ல. ஆஃபர் லெட்டர் வந்தபிறகு ஒரு ஏஜென்சி படிப்பு, பழைய வேலை, முகவரி, நீதிமன்றப் பதிவு எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பச்சை, அம்பர், சிவப்பு என்று நிறம் போட்டு அறிக்கை அனுப்பும். சிவப்பு வந்தால் ஹெச்.ஆரிடமிருந்து போன் வராது, மெயில்தான் வரும். அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான், சட்டம் மட்டும் கொஞ்சம் கெடுபிடியானது. அறிக்கையைக் காரணம் காட்டி ஒருவரை நிராகரிப்பதாக இருந்தால், முடிவெடுக்கும் முன்பே அறிக்கையின் நகலை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். தவறு இருந்தால் திருத்தச் சொல்ல அவருக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் அறிக்கை சரியாகவே இருந்தால் திருத்த எதுவும் இல்லை. தண்டனையில் முடியாத பழைய கைதுகளைப் பொதுவாக 7 ஆண்டுக்குப் பிறகு அறிக்கையில் காட்டக் கூடாது. தண்டனைக்கு அப்படியொரு கால வரம்பு மத்தியச் சட்டத்தில் கிடையாது. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் அதற்கும் 7 ஆண்டு என்று வைத்திருக்கின்றன.

வேலை விண்ணப்பத்தில் "உங்களுக்குக் குற்றத் தண்டனை உண்டா?" என்ற கேள்விக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தையே எடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு பெரிய இயக்கம் நடந்தது. 1998-ல் ஹவாய் மாநிலம் முதலில் சட்டம் போட்டது. இன்று பல மாநிலங்களில் உண்டு. 2021 டிசம்பரிலிருந்து மத்திய அரசு வேலைக்கும் அரசு ஒப்பந்ததாரர்களுக்கும்கூட இதே விதிதான். இந்தச் சட்டங்கள் கேள்வியை ஒழிக்கவில்லை, தள்ளிவைக்கின்றன. முதலில் ஆளைப் பார், திறமையைப் பார், வேலை தருவதாகச் சொல், அப்புறம் குற்றத்தைப் பற்றிக் கேள் என்கின்றன. பலருக்கு இது உண்மையிலேயே உதவியிருக்கிறது.

ஹேக்கருக்கு எவ்வளவு உதவும் என்பதில்தான் சிக்கல். இந்தச் சட்டங்களின் வேர் 1975-ல் கிரீன் என்பவர் மிசூரி பசிஃபிக் ரயில்வே மீது நடத்திய வழக்கில் இருக்கிறது. ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்குப் போனவர் அவர். அதைக் காரணம் காட்டி ரயில்வேயில் குமாஸ்தா வேலை தர மறுத்தார்கள். அந்த வழக்கிலிருந்து மூன்று அளவுகோல்கள் பிறந்தன. குற்றம் எவ்வளவு கடுமையானது, நடந்து எவ்வளவு காலமாயிற்று, கேட்கும் வேலைக்கும் குற்றத்துக்கும் என்ன சம்பந்தம். 2012-ல் வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையம் நிறுவனங்களுக்குக் கொடுத்த வழிகாட்டுதலிலும் இந்த மூன்றும்தான் அடிப்படை.

மூன்றாவது அளவுகோலைக் கவனியுங்கள். அடிதடி வழக்கில் உள்ளே போய்வந்தவர் நிரல் எழுதக் கற்றுக்கொண்டு வேலை கேட்டால், "அடிதடிக்கும் நிரலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அவர் சார்பாக வாதாடலாம். சான் குவென்டின் சிறையில் கைதிகளுக்கு நிரல் எழுதக் கற்றுத்தரும் திட்டம் 2014 முதல் நடக்கிறது. அங்கே பயின்றவர்களை ஸ்லாக் நிறுவனம் பயிற்சிப் பணிக்கு எடுத்திருக்கிறது. கடும் குற்றங்களுக்காக ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்தவர்கள் இப்படி வந்திருக்கிறார்கள், வரவேண்டியதுதான். ஆனால் ஹேக்கிங்குக்காகத் தண்டனை பெற்றவருக்கு இந்த வாதம் கைகொடுக்காது. அவருடைய குற்றமும் அவர் கேட்கும் வேலையும் ஒன்றேதான். மற்ற கைதிகளைக் காப்பாற்ற வைத்த அளவுகோல் இவருக்கு மட்டும் சுவராகிவிடுகிறது. இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படாத முடிச்சு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சுவர் இதோடு முடிவதும் இல்லை. வேலை கொடுக்க விரும்பும் மேலாளரே இருந்தாலும், அவர் கையைக் கட்டிப்போடும் காகிதங்கள் நிறைய. கார்டு பணப்பரிமாற்றத்தைக் கையாளும் நிறுவனங்கள் பின்பற்றும் பாதுகாப்புத் தர விதி, கார்டு விவரங்களின் பக்கம் போகும் ஊழியரை வேலைக்கு எடுக்கும் முன் பின்னணியைச் சோதிக்கச் சொல்கிறது. ஒரு வங்கியோ மருத்துவமனையோ மென்பொருள் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டால், "எங்கள் வேலையில் கைவைக்கும் எல்லோரையும் சோதித்துவிட்டோம்" என்று எழுதிக் கொடுக்கச் சொல்லும். நேர்மையின்மை சார்ந்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் வைப்புக் காப்பீடு உள்ள வங்கியில் வேலை செய்ய, ஒழுங்குமுறை அமைப்பின் தனி அனுமதி வேண்டும் என்று நீண்டகாலமாகச் சட்டம் இருந்தது. 2022 டிசம்பரில்தான் பழைய குற்றங்களுக்கு அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

அப்புறம் காப்பீடு. ஊழியர் திருடினால் நஷ்டத்தை ஈடுகட்ட நிறுவனங்கள் பாலிசி எடுத்து வைத்திருக்கும். ஒருவர் முன்பு நேர்மைக்கேடாக நடந்தவர் என்று நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டால், வழக்கமான பாலிசிகள் அந்த ஆளைப் பொறுத்தவரை செல்லாது. இதை ஈடுசெய்ய அமெரிக்கத் தொழிலாளர் துறை 1966 முதல் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. தண்டனை பெற்றவரை வேலைக்கு எடுத்தால் முதல் 6 மாதத்துக்கு இலவச உத்தரவாதம், 5,000 டாலரிலிருந்து 25,000 டாலர் வரை. கிடங்கில் வேலை செய்பவருக்கு இந்தத் தொகை போதும். ஒரு நிறுவனத்தின் முழு வாடிக்கையாளர் பட்டியலும் கண்முன்னே திறந்திருக்கும் வேலைக்கு 25,000 டாலர் எந்த மூலைக்கு?

நிறுவனங்களின் பயமும் வெறும் கற்பனை அல்ல. ஆல்பர்ட் கொன்சாலஸ் என்ற ஹேக்கர் 2003-ல் நியூயார்க்கில் பிடிபட்டு அரசுக்கு உளவாளியாக மாறினார். அவர் உதவியோடு 2004-ல் பெரிய கார்டுத் திருட்டுக் கும்பல் ஒன்றை சீக்ரெட் சர்வீஸ் பிடித்தது. பின்னர் அவருக்கு ஆண்டுக்கு 75,000 டாலர்வரை சம்பளமும் கொடுத்தார்கள். அந்தச் சம்பளத்தை வாங்கிக்கொண்டே அவர் 17 கோடிக்கு மேற்பட்ட கார்டு எண்களைத் திருடும் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். 2010 மார்ச்சில் 20 ஆண்டுச் சிறை. பட்லருக்குக் கிடைத்த 13 ஆண்டுத் தண்டனைதான் அமெரிக்காவிலேயே ஹேக்கிங்குக்கு மிக நீளமானது என்ற பேச்சு ஆறு வாரத்தில் பழசாகிப் போனது. திருந்திவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் அதை எப்படி நம்புவது என்று கேட்கும் மேலாளருக்கு கொன்சாலஸைத் தெரிந்திருக்கிறது. அந்தக் கேள்வியைத் தப்பு என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு தடை நீதிமன்றமே போடுவது. புகழ்பெற்ற ஹேக்கர் கெவின் மிட்னிக்கை 1995 பிப்ரவரி 15 அன்று வட கரோலினாவின் ராலே நகரில் பிடித்தார்கள். ஏறக்குறைய 5 ஆண்டு உள்ளே இருந்தார், அதில் 8 மாதம் தனிமைச் சிறை. 2000 ஜனவரி 21-ம் தேதி வெளியே விட்டபோது, அடுத்த 3 ஆண்டுக்குக் கணினி, இணையம், செல்போன் எதையும் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது என்று நிபந்தனை. வெளியே வந்த ஆறாவது வாரத்தில் அமெரிக்க செனட் கமிட்டி அவரை அழைத்தது. அரசுக் கணினிகளை எப்படிப் பாதுகாப்பது என்று அவரிடம் ஆலோசனை கேட்டார்கள், அவரும் விளக்கமாகச் சொன்னார். அன்றைக்கு அவர் ஒரு கணினியின் பட்டனைத் தட்டியிருந்தால் மறுபடி சிறைக்குப் போக நேர்ந்திருக்கும்.

மிட்னிக்குக்குச் சிறுவயதிலிருந்தே அமெச்சூர் ரேடியோ உரிமம் உண்டு. அதைப் புதுப்பிக்கக் கேட்டபோது, இவர் நல்லொழுக்கம் உள்ளவர்தானா என்று விசாரிக்க வேண்டும் என்று தகவல்தொடர்பு ஆணையம் சொல்லிவிட்டது. ரேடியோவை வைத்து அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. பொழுதுபோக்கு உரிமம்தானே, விட்டுவிடலாம் என்று எவரும் நினைப்பார்கள். அவர் விடவில்லை. பல்லாயிரம் டாலர் வக்கீல் செலவு செய்து வழக்காடினார். 2002 டிசம்பரில் ஆணையத்தின் நீதிபதி அவர் திருந்தியிருக்கிறார் என்று தீர்ப்பெழுதி உரிமத்தைப் புதுப்பிக்கச் சொன்னார். "இந்த ஆளை நம்பலாம்" என்று ஓர் அரசு அமைப்பு எழுத்தில் கொடுத்த காகிதம் அது. அடுத்த மாதமே அவருடைய கண்காணிப்புக் காலமும் முடிந்தது. சொந்தமாகப் பாதுகாப்பு ஆலோசனை நிறுவனம் நடத்தி, 2023 ஜூலையில் 59 வயதில் புற்றுநோயால் இறக்கும்வரை அந்தத் துறையிலேயே இருந்தார்.

இப்படி முழுத் தடை போடுவது சரியா என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்களே பின்னர் கேள்வி எழுப்பின. 2001, 2002 ஆண்டுகளில் வேறு வகைக் குற்றங்கள் சார்ந்த வழக்குகளில், கணினியும் இணையமும் இன்று டெலிபோன் மாதிரி அன்றாட வாழ்க்கையின் பகுதி, அதை ஒட்டுமொத்தமாகப் பறிக்கக் கூடாது என்று நியூயார்க்கின் இரண்டாம் வட்ட நீதிமன்றம் சொன்னது. ஒருவர் செய்யும் தொழிலைத் தடுப்பதாக இருந்தால் குற்றத்தோடு நேரடித் தொடர்பு இருக்க வேண்டும், மிகக் குறைந்த அளவுக்கு மிகக் குறைந்த காலத்துக்குத்தான் தடுக்க வேண்டும் என்று தண்டனை வழிகாட்டு விதியும் சொல்கிறது. எனவே இன்று மிட்னிக் காலத்து முழுத் தடையைவிடக் கண்காணிப்பு மென்பொருள் பொருத்திய கணினி, நன்னடத்தை அதிகாரியின் முன் அனுமதி போன்ற நிபந்தனைகளை எதிர்பார்க்கலாம். ஆனால் அலுவலகக் கணினியில் அரசாங்கத்தின் கண்காணிப்பு மென்பொருளைப் போட எந்த நிறுவனம் சம்மதிக்கும்? முன்பு முழுத் தடை தடுத்தது, இப்போது நிபந்தனை தடுக்கிறது.

இழப்பீட்டுத் தொகை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் கணக்கு தானே பேசும். கொன்சாலஸின் நண்பர் ஸ்டீபன் வாட், அந்தத் திருட்டில் பயன்பட்ட ஒரு நிரலை எழுதிக் கொடுத்தவர். 2009-ல் அவருக்கு 2 ஆண்டுச் சிறை விதித்தார்கள். கூடவே 17 கோடியே 15 லட்சம் டாலர் இழப்பீடு. ஆண்டுக்கு 25,000 டாலர் கட்டினால் அடைக்க 6,860 ஆண்டு ஆகும். இப்படிக் கடனோடு வெளியே வருபவர் எந்த வேலைக்குப் போனாலும், சம்பளத்தில் ஒரு பங்கு ஆயுள் முழுக்கப் பிடித்தம்தான்.

மாநிலச் சட்டப்படி தண்டனை பெற்றவருக்கு நாளடைவில் பதிவை மூடிவைக்க வழி உண்டு. 2018-ல் பென்சில்வேனியா இதைத் தானாகவே நடக்கும்படி செய்தது, வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஆனால் ஹேக்கிங் வழக்குகள் பெரும்பாலும் மத்தியச் சட்டத்தின் கீழ் வருபவை. மத்தியத் தண்டனையை அழிக்கப் பொதுவான வழி எதுவும் கிடையாது. ஜனாதிபதியின் மன்னிப்பு ஒன்றுதான். பிரிட்டனைச் சேர்ந்த ஹேக்கர் மார்கஸ் ஹட்சின்ஸ் வழக்கில் நீதிபதி ஸ்டாட்மியூலர் இதை வாய்விட்டே சொன்னார், மன்னிப்பு தரும் அதிகாரம் தன் கையில் இல்லை என்று.

ஹட்சின்ஸ் வழக்கு நம்பிக்கை தரும் வழக்கு. 2017 மே மாதம் வான்னாக்ரை நிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியது, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் ஸ்தம்பித்தன. டெவன் கடற்கரையோர ஊரில் இருந்த ஹட்சின்ஸ், அந்த நிரல் தேடிக்கொண்டிருந்த ஒரு இணைய முகவரியை 10 டாலர் 69 சென்ட் கொடுத்துப் பதிவு செய்தார். தாக்குதல் நின்றது. மூன்றாம் மாதம் லாஸ் வேகாஸில் கைதானார். பதின்ம வயதில் வங்கிக் கணக்குகளைத் திருடும் நிரல் எழுதிய குற்றம் அது. 2019 ஜூலை 26-ம் தேதி, ஏற்கெனவே உள்ளே இருந்த நாட்களே போதும், ஓராண்டு கண்காணிப்பு என்று நீதிபதி முடித்துக்கொண்டார். அவர் பாதுகாப்பு ஆராய்ச்சியிலேயே தொடர்ந்தார். அவருக்கு உதவியவை இரண்டு என்று நினைக்கிறேன். குற்றத்துக்கும் கைதுக்கும் நடுவில் செய்த நல்ல வேலை எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தது. கைதுக்குப் பிறகும் அவரைத் தெரிந்தவர்கள் பகிரங்கமாக அவர் பக்கம் நின்றார்கள்.

ஊர்ப்பக்கம் ஜாமீன் போடுவது என்று சொல்வோமே, "இந்த ஆளுக்கு நான் பொறுப்பு" என்று ஒருவர் முன்வந்து நிற்பது, கடைசியில் வேலை அதில்தான் அடங்கியிருக்கிறது. மிராய் என்ற நிரலை எழுதி இணையத்தைத் திணறடித்த மூன்று இளைஞர்களுக்கு 2018 செப்டம்பரில் அலாஸ்காவில் சிறைத் தண்டனை விதிக்கவில்லை. 5 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 2,500 மணி நேரச் சமூகப் பணி, அதில் எஃப்.பி.ஐ.க்குக் கணினிக் குற்றங்களில் உதவுவதும் சேர்த்தி. தண்டனைக்குள்ளேயே வேலையை வைத்தார்கள். அது முடியும்போது, "இத்தனை நாள் எங்களோடு ஒழுங்காக வேலை செய்தார்" என்று சொல்ல ஆள் இருக்கும். நெதர்லாந்தில் 2018 முதல் இதையே ஒரு திட்டமாக்கியிருக்கிறார்கள். முதல் தடவை ஹேக்கிங் குற்றத்தில் சிக்கும் சிறுவர்களையும் இளைஞர்களையும் நிறுவனங்களுக்கு அனுப்பி, அனுபவசாலிகளின் கண்காணிப்பில் பழகவிடுகிறார்கள். பட்லருக்கு 2002-ல் இப்படி ஒரு கதவு திறந்திருந்தால் என்ற எண்ணம் வராமல் இதை என்னால் படிக்க முடியவில்லை.

பிரிட்டனில் காலம் கடந்தால் தண்டனை "கழிந்தது" என்று கருதும் சட்டம் 1974 முதலே உண்டு. 2023 அக்டோபரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதை இன்னும் இளக்கினார்கள். ஓராண்டு வரையிலான சிறைத் தண்டனை, முடிந்து ஓராண்டில் கழிந்துவிடும். ஓராண்டுக்கு மேல் 4 ஆண்டு வரை என்றால் 4 ஆண்டு. அதன்பின் சாதாரண வேலைகளில் கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை. லல்ஸெக் என்ற ஹேக்கர் குழுவில் பதினாறு வயதில் இருந்த முஸ்தஃபா அல்-பஸ்ஸாம், 2013-ல் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை பெற்றார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் டாக்டர் பட்டம் முடித்து, பின்னர் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் இணை நிறுவனரானார்.

வேலை தேடுபவருக்கு என்ன சொல்லலாம்? மறைக்காதீர்கள் என்பதுதான் முதலில். மறைத்துச் சேர்ந்தால், எத்தனை வருடம் கழித்துத் தெரிந்தாலும் அந்தப் பொய்யே வேலையைவிட்டு நீக்கப் போதும். ஆனால் முதல் வரியிலேயே சொல்லவும் வேண்டாம். வேலையைப் பற்றிப் பேசி, எதிரில் இருப்பவர் உங்கள் திறமையைப் பார்த்தபிறகு, சோதனை அறிக்கை வருமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். செய்தது என்ன, கிடைத்த தண்டனை என்ன, அதற்குப் பிறகு செய்தவை என்ன, யாரிடம் விசாரிக்கலாம். நன்னடத்தை அதிகாரி உங்களைப் பற்றி நல்லபடியாகச் சொல்வார் என்றால் அவர் பெயரும் அதில் இருக்கட்டும்.

நிறுவனத்தின் தளத்தில் ஓட்டை கண்டுபிடித்து அதைக் காட்டி வேலை கேட்கலாம் என்ற ஆசை பலருக்கு வரும். அனுமதி இல்லாமல் அதைத் தொட்டால் அது புதுக் குற்றம், கண்காணிப்புக் காலத்தில் என்றால் நேரே உள்ளேதான். அனுமதி கொடுத்து, ஓட்டைக்குப் பரிசு தரும் திட்டங்கள் ஏராளமாக இருக்கின்றன. பொதுவில் நடக்கும் பலவற்றில் யாரும் பழைய வழக்கைக் கேட்பதில்லை. எல்லாமே அப்படி அல்ல. 2016-ல் பென்டகன் முதன்முதலாக நடத்திய போட்டியில் 1,400-க்கு மேற்பட்டோர் பதிவு செய்து 138 ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். பரிசு வாங்கக் குற்றப்பின்னணிச் சோதனை உண்டு என்று அங்கேயும் விதி இருந்தது. கண்காணிப்பில் இருப்பவர் எதில் சேர்வதாக இருந்தாலும் அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்வது அவசியம்.

இந்தியாவில் கதை சற்று வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ம் பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். பெரியவர்களின் தண்டனைப் பதிவை அழிக்கப் பொதுவான சட்டம் இல்லை. ஆனால் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. 1958-ன் நன்னடத்தைச் சட்டப்படி நீதிமன்றம் ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் விடுவித்தால், தண்டனையோடு ஒட்டிக்கொண்டு வரும் தகுதியிழப்பு அவருக்குப் பொருந்தாது என்று 12-ம் பிரிவு சொல்கிறது. 18 வயதுக்குட்பட்டவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தில் இதைவிட வலுவான பாதுகாப்பு இருக்கிறது. வழக்கு நடக்கும்போதே வக்கீல் இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். தீர்ப்பு வந்தபிறகு நினைவுக்கு வந்து பயனில்லை.

கெவின் பூல்சன் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் வானொலி நிலையத்தின் போன் இணைப்புகளைக் கைப்பற்றி, போட்டியில் ஒரு போர்ஷ் காரை வென்றவர் அவர். 51 மாதத் தண்டனை. 1996-ல் வெளியே வந்தபோது 3 ஆண்டு கணினியைத் தொடக் கூடாது என்று தடை. தடை முடிந்தபின் அவர் பாதுகாப்பு வேலை எதற்கும் திரும்பவில்லை, பத்திரிகையாளர் ஆனார். அங்கே எழுதுவது பிரசுரமாகிறது, சரியா தப்பா என்று எல்லோரும் பார்க்கலாம், யாருடைய சர்வர் சாவியும் கேட்க வேண்டியதில்லை. 2006-ல் ஓராயிரம் வரி நிரல் எழுதி, பதிவு செய்யப்பட்ட பாலியல் குற்றவாளிகளின் பட்டியலையும் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளக் கணக்குகளையும் ஒப்பிட்டார். மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து 744 பேரை உறுதி செய்தார், ஒருவர் கைதானார்.

பிறகு நிரலாளர் ஆரோன் ஸ்வார்ட்ஸுடன் சேர்ந்து, தகவல் தருபவர் யார் என்று பத்திரிகைக்கே தெரியாமல் ஆவணங்களைச் சேர்ப்பிக்கும் ஓர் அமைப்பை உருவாக்கினார். அதே கணினி மோசடிச் சட்டத்தின் கீழ் வழக்கை எதிர்கொண்டிருந்த ஸ்வார்ட்ஸ், 2013 ஜனவரியில் 26 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். நான்கு மாதம் கழித்து நியூயார்க்கர் இதழ் அந்த அமைப்பை முதன்முதலாகப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. செக்யூர்டிராப் என்ற பெயரில் கார்டியனும் வாஷிங்டன் போஸ்டும் அதைப் பயன்படுத்துகின்றன. கணினியைத் தொடவே கூடாது என்று ஒருகாலத்தில் தடை வாங்கியவர் உருவாக்கியதை நம்பித்தான் பெயர் சொல்ல முடியாதவர்கள் இன்றும் அங்கே ஆவணங்களை அனுப்புகிறார்கள்.